காலிக் குடோனில் ரேடியோ

நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் சுவர் கிடையாது. வெளியே நாலு பக்கமும் உண்டு. உள்ளே ஒன்றும் இல்லை.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, கடைக்குப் பின் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். தூண்களை விட்டுவிட்டு உள்சுவர்களையெல்லாம் இடித்தார். கூடம், அறை, சாமியறை எல்லாம் ஒன்றாகிவிட்டது. சரக்கு அடுக்க இடம் வேண்டும், அதற்குத்தான். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அவரிடம் கைவண்டி இழுத்தேன். லாரி ஷெட்டிலிருந்து துணிச் சிப்பங்களை ஏற்றிவந்து குடோனில் அடுக்குவேன். அங்கிருந்து கடைக்குத் தள்ளுவேன். சிப்பம் என்றால் சாக்கில் இறுக்கிக் கட்டிய துணி மூட்டை. ஆளைவிடக் கனம்.

எழுபதுகளின் ஆரம்பம். ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனது. குடோனிலேயே இருந்து பார்த்துக்கொள் என்றார் அண்ணாச்சி. தெருப் பக்கம் சரக்கு, கொல்லைப் பக்கம் நாங்கள். நடுவில் ஒரு கோடு கூடக் கிடையாது. உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார். கொல்லை வாசலை ஒட்டி வெளியே தகரம் போட்டு அடுப்பு வைத்தோம்.

என் மனைவி மயிலாப்பூர்க்காரி. குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவள். சின்ன வயதில் சீழ் வைத்து இடது காது போய்விட்டது. பெண் பார்க்கப் போன அன்று அவளே சொன்னாள்.

"எனுக்கு இந்தக் காது கேக்காது. எதுனா சொல்றதுனா இந்தப் பக்கமா வந்து சொல்லணும்."

நான் பெரிதாகப் பேசுகிறவன் இல்லை. சரி என்றேன். அன்றிலிருந்து அவளுக்கு வலது பக்கம்தான் நடப்பேன். வலது பக்கம்தான் உட்காருவேன்.

அவள் அப்பாவுக்கு இரண்டு காதும் கேட்காது. முதலில் ஒன்று போனது. பல வருஷம் கழித்து மற்றதும் போனது. நான் பார்த்தபோது அவர் எல்லார் வாயையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாராவது சிரித்தால் அவரும் சிரிப்பார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. நாங்கள் கிளம்பும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லி என்ன.

கல்யாணத்துக்கு அண்ணாச்சி ஒரு ரேடியோ கொடுத்தார். அவர் வீட்டில் புதுசு வந்துவிட்டதால் பழசு எங்களுக்கு. மரப்பெட்டி. போட்டவுடன் பேசாது. உள்ளே சூடேற வேண்டும், பச்சை விளக்கு தெளிய வேண்டும், அப்புறம்தான் வாயைத் திறக்கும். சுவரில் பலகை அடித்து அதன்மேல் வைத்தேன்.

அவளுக்கு வேலை, புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது. கடையிலிருந்து புடவை வரும். நடுத்தூண் பக்கத்தில் கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழும். அங்கே பாய் போட்டு உட்கார்ந்து நூல் நூலாகப் பிரித்து முடிச்சுப் போடுவாள். கை அது பாட்டுக்கு ஓடும். காது ரேடியோவில் இருக்கும். பாட்டு, நாடகம், விவசாயிகளுக்குச் சொல்கிற உரக் கணக்கு எல்லாம் கேட்பாள்.

"நமக்கு நெலமா கீது? யூரியா போட்றதெல்லாம் உனுக்கு எதுக்குமே?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"போயேன். நாளைக்கு நெலம் வந்தா நீயா போடுவ?"

நாடகத்தில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு காதுக்காரி. தன் சத்தம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. தெருவில் வண்டியைத் திருப்பும்போதே அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கும். உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பேன். ஏன் சிரித்தாள் என்று கேட்கமாட்டேன். அவளே சொல்வாள்.

அப்போது தீபாவளிச் சரக்கு. கூரையைத் தொடுகிற மாதிரி சிப்பங்கள் அடுக்கி இருந்தன. நடக்க ஒரு சந்து மட்டும் இருக்கும்.

தீபாவளி வந்தது, போனது. குடோன் காலியாகிவிட்டது. வெறும் தரை, வெறும் சுவர், தூண்கள். எவ்வளவு பெரிய வீடு என்று அப்போதுதான் தெரிந்தது.

ரேடியோ கெட்டுப்போனது அந்த வாரம்தான்.

கெட்டது என்று நான் நினைத்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொண்டது. கவனித்துக் கேட்டால் எனக்குப் புரிந்தது.

"கொஞ்சம் ஜாஸ்தி வையேன்" என்றாள். ஜாஸ்தி வைத்தேன். "இன்னும் கொஞ்சம்." வைத்தேன். பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

ரேடியோவைத் துணியில் கட்டி வண்டியில் வைத்து மயிலாப்பூருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். குளத்துக்குக் கிட்டே ஒரு ரிப்பேர்க் கடை. அவள் குடும்பத்துக்குப் பழக்கமானவர். கடை ஒரு அலமாரி அளவுதான் இருக்கும். மூன்று பக்கமும் பழைய பெட்டிகள். போட்டுப் பார்த்தார். மணி மாதிரி பாடியது.

"இன்னா நைனா, வெளையாட்றியா? இது ஜோரா கீது."

"வூட்ல சரியா பேசல."

"பொண்டாட்டி கூட கீறப்ப எவன்தான் சரியா பேசறான்?" என்றார். கடைக்கு வந்திருந்த இன்னொருத்தர் சிரித்தார். நான் நின்றேன்.

"மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காத மச்சி. ஒண்ணு பண்ணு. தனியா ஒரு ஸ்பீக்கர் தர்றேன். ஒரு மண்பானை வாங்கி அது வாய்ல பொருத்து. டீக்கடைலல்லாம் அப்டித்தான் வெச்சிகிறாங்க. கும்முனு இருக்கும்."

பானை வாங்கினேன். ஸ்பீக்கரை வாயில் பொருத்தினேன். ரேடியோவிலிருந்து ஒயர் இழுத்தேன். வீட்டிலேயே உயரமான இடமாகப் பார்த்து மூலையில் வைத்தேன். கும்மென்றுதான் இருந்தது. கூடம் முழுக்கக் கும் கும் என்றது. தூண் கூட அதிர்ந்த மாதிரி இருந்தது. யார் பேசுகிறார், ஆணா பெண்ணா என்று எனக்கே தெரியவில்லை.

அவளைப் பார்த்தேன்.

"நல்லா கீது" என்றாள்.

நல்லா இல்லை. அவளுக்கும் தெரியும். நான் பானையைத் தூக்கிக்கொண்டு வந்ததற்காகச் சொன்னாள்.

அதன் பிறகு வீட்டில் சிரிப்பு இல்லை. குஞ்சம் கட்டிக்கொண்டே இருப்பாள். ரேடியோ ஓடும். நான் ஏதாவது சொன்னால் "இன்னா?" என்பாள். திரும்பச் சொன்னால் மறுபடியும் "இன்னா?" வலது பக்கம் நின்றுதான் சொல்வேன். நான் பேசுகிறதே கொஞ்சம். அதையும் இரண்டு தடவை, மூன்று தடவை சொல்ல வேண்டி வந்தது. கிட்டே போய்ச் சொன்னால் கேட்டது. கொல்லை வாசலிலிருந்து சொன்னால் இல்லை. பிறகு ஒரு நாள் கவனித்தேன். நான் பேசும்போது அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா பார்க்கிற மாதிரி.

மார்கழியில் ஒரு நாள் கடையிலிருந்து நூல்கண்டு வாங்கி வந்தேன். அதை வைக்க அவள் நூல் டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு காது. சின்னது. அம்மன் கோயில் வாசலில் விற்பார்கள். கண் சரியில்லாதவர்கள் கண் வாங்கிப் போடுவார்கள், கால் முடியாதவர்கள் கால். வேண்டிக்கொண்டு, சரியானதும் உண்டியலில் போட வேண்டும்.

அவள் பின்னால் வந்து நின்றாள்.

"பாத்துட்டியா?"

"எப்பலேர்ந்து?"

"தீவாளி முடிஞ்சதும். அப்பாக்கு ஆன மாதிரிதான் ஆகுது." பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுதான் வரும்னு நெனச்சேன்" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போனா செவிடுன்னு சொல்லிடுவாங்க. சொல்லிட்டா அப்பறம் அதான்."

பொட்டலத்தை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நான் ரேடியோவைக் குறை சொன்னேன். அவள் காதைக் குறை சொன்னாள். வீட்டை ரெண்டு பேரும் நினைக்கவில்லை. வீடு என்ன செய்யும், அது பாட்டுக்கு நிற்கிறது என்றுதான் இருந்தோம்.

பொங்கல் சரக்கு வந்தது. தீபாவளி அளவுக்கு இல்லை, இருந்தாலும் நிறைய. வேட்டியும் சேலையும் போர்வையுமாக நாள் முழுக்க இறக்கினேன். சுவரோரம் அடுக்கி, நடுவிலும் அடுக்கினேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. பழக்கத்தில் போட்டு வைப்பது.

சாயங்காலம் கடைசிச் சிப்பம் என் முதுகில். வாசல்படி ஏறுகிறேன். உள்ளே சிரிப்பு.

அப்படியே நின்றேன். முதுகில் சிப்பம் இருப்பதே மறந்துவிட்டது. நாடகத்தில் ஒருத்தன் மாமனாரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். அவள் தூண் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"யோவ், கேக்குதுய்யா! ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது!"

"சிப்பத்த எறக்கிக்கிறேன், இரு."

"காது வந்துடுச்சுய்யா!"

இறக்கி வைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் முகத்தைத் துடைத்தேன். வேர்வைதான்.

அம்மன் கொடுத்தாள் என்றாள். ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை போய்க் காதைப் போட்டுவிட்டு வரலாம் என்று பேசிக்கொண்டோம். அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கடையில் வேலை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போக முடியாத நாள். தள்ளிப்போனது.

அதற்குள் பொங்கல் சரக்கு கடைக்குப் போய்விட்டது. நான்தான் தள்ளினேன். சிப்பங்கள் நாலு நாலாக வெளியே போயின.

கடைசி நடைக்கு முன்னால் அவள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"பூட்ச்சி" என்றாள்.

"இன்னா?"

"காது. திரும்பப் பூட்ச்சி. போட்றேன்னு சொல்லிட்டு வெச்சிக்கினே இருந்தேன்ல. அம்மன் திருப்பி எடுத்துக்கினா."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. போய்ப் பாயில் உட்கார்ந்து ஒரு புடவையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நூலைப் பிரிக்கவில்லை.

மிச்சச் சிப்பத்தை இழுக்கப் போனேன். சிப்பம் இழுக்கிற இரும்புக் கொக்கி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. டங் என்றது. தரையில் ஒரு சத்தம். அப்புறம் கூரையிலிருந்து ஒன்று. அப்புறம் தெருப்பக்கச் சுவரிலிருந்து ஒன்று. கொக்கி ஆடி அடங்கின பிறகும் டங் என்பது கூடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் கொக்கியை நான் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். சிப்பம் இருக்கும்போது பொத்தென்று விழும், அவ்வளவுதான்.

கையைத் தட்டினேன். சுவர் திருப்பித் தட்டியது. கொல்லைப் பக்கம் போய்த் தட்டினேன். அங்கேயும் அப்படித்தான். மிச்சமிருந்த இரண்டு சிப்பத்துக்கு நடுவில் புகுந்து தட்டினேன். சத்தம் அங்கேயே செத்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா பண்ற? பைத்தியமா?"

கிட்டே போய் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

"உன் காது இல்லமே. சிப்பம்."

"இன்னா சிப்பம்?"

"சரக்கு இருந்தா கேக்குது. போனா கேக்கல. ரெண்டு வாட்டியும் அப்டித்தான். ஒரே சத்தம் சொவுத்துல பட்டுப் பட்டு நாலா வருது. எனுக்கே கொழப்புது. ஒரு காதுல நீ எப்டி பிரிப்ப?"

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது இல்லை. அவள் நம்பவில்லை.

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்ற."

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சாவி என்னிடம்தான் இருக்கும். கூட்டிப் பெருக்கி, மெத்தைகளை விரித்து, வெள்ளைத்துணி போட்டு வைப்பது என் வேலை. வாங்க வருகிறவர்கள் அந்த மெத்தையில் உட்கார்ந்துதான் புடவை பார்ப்பார்கள். நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் துணி.

அவளை வாசல் பக்க மெத்தையில் உட்கார வைத்தேன். நான் கடையின் அந்தக் கோடிக்குப் போனேன். வேட்டி அடுக்கின பக்கம் முகத்தைத் திருப்பி நின்றேன். என் வாய் அவளுக்குத் தெரியக் கூடாது. சாதாரணக் குரலில் கேட்டேன்.

"இன்னிக்கு இன்னா கொழம்பு?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"கத்திரிக்கா" என்றாள்.

"நேத்தும் அதான்."

"வாங்கினு வந்தது யாரு? நானா?"

குரலை இறக்கினேன். "உங்கம்மா வராங்களா?"

"வந்தா இன்னா? உனுக்கு எங்க எரியுது?"

இன்னும் இறக்கினேன். முணுமுணுப்புதான். "கொழம்புல உப்பு ஜாஸ்தி."

"யோவ்! நாளைக்கு வா, வெறும் சோறு போடறேன்!"

நான் திரும்பினேன். அவள் மெத்தையில் எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

வாசலில் அண்ணாச்சி.

"என்னடே இது? புருசனும் பொண்டாட்டியும் சண்ட போட என் கடதான் கெடச்சுதா? வீட்ல எடமா இல்ல? அம்புட்டுப் பெரிய வீட்டக் குடுத்திருக்கேன்!"

"அதான் அண்ணாச்சி கஷ்டம்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"எங்கூர்ல பஞ்சு மூட்ட அடுக்குத கிட்டங்கி உண்டும். உள்ள நின்னு கூப்பாடு போட்டாலும் வெளிய ஒரு பய திரும்ப மாட்டான். நீ சொல்லுதது சரிதான்" என்றார். பிறகு, "மாடியில பழைய மெத்த கெடக்கு. கிழிஞ்சது. எடுத்துட்டுப் போ. சிப்பம் கட்டுன சாக்கையும் நீயே வச்சுக்கோ. ஆனா தாயி, இனிமே கத்திரிக்கா கொழம்புன்னா எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரணும், ஆமா" என்றார்.

"உப்பு ஜாஸ்தியாம் அண்ணாச்சி" என்றாள் அவள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் வேலை முடிந்து வந்ததும் எங்களுக்கு இதுதான் வேலை. ரேடியோவுக்கு எதிர்ச்சுவரில் மெத்தைகளைச் சாய்த்துக் கட்டினேன். தூணுக்குத் தூண் கயிறு கட்டிச் சாக்குகளைத் தொங்கவிட்டேன். ஒற்றைச் சாக்காகத் தொங்கினால் போதவில்லை. அவள் இரண்டு சாக்குக்கு நடுவில் கடை வெட்டுத் துண்டுகளைத் திணித்துத் தைத்தாள். தடியாகத் தொங்கினால் நன்றாக இருந்தது. சரக்கு வருகிற நாளில் கழற்றிவிடலாம்.

பானையிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றினேன். அந்தப் பானையில் புளி போட்டு வைத்தாள். ஸ்பீக்கருக்கு ஒரு பலகைப்பெட்டி செய்து, உள்ளே அவள் கத்தரித்துப் போட்ட நூல் கழிவைத் திணித்தேன். மூலையில் வைக்கவில்லை. உயரத்திலும் வைக்கவில்லை. அவள் உட்காருகிற தூணுக்குப் பக்கத்தில், அவள் காது மட்டத்துக்கு, வலது கைப்பக்கம் வைத்தேன். அவள் அடுப்படிக்குப் போனால் பெட்டியும் ஒயரோடு கூடப் போகும்.

வைத்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தேன். சூட்சுமமே அதுதான். அதுவரைக்கும் ஏற்றிக்கொண்டே இருந்தோம். கத்த வைத்தால் சுவரும் சேர்ந்து கத்தும். கிட்டே வைத்து மெல்லப் பேச வைத்தால் சுவர் சும்மா இருக்கும்.

அவள் கேட்டாள். யூரியா பற்றித்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்பா சொல்றான். போன வாரம் வேற மாதிரி சொன்னான்" என்றாள்.

தை கடைசி வெள்ளிக்கிழமை மயிலாப்பூருக்குப் போனோம். அவள் மடியில் அந்தப் பொட்டலம்.

"காதுதான் போகலியே. எதுக்கு இது?" என்றேன்.

"போகலன்னு காமிச்சதுக்கு."

உண்டியலில் போட்டாள். உள்ளே விழுந்த சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்டது என்று எனக்குத் தலையாட்டினாள். திரும்பும் வழியில் அவள் அப்பாவைப் பார்த்தோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எப்போதும் போல.

மாடவீதியில் நல்ல கூட்டம். பூக்கடை, வண்டி, ஆட்கள். கூட்டம் தள்ளியதில் நான் அவளுக்கு இடது பக்கம் வந்துவிட்டேன். மாறி நடந்திருக்கலாம். மாறவில்லை. அந்தப் பக்கம் இருந்தபடியே சொன்னேன். அவ்வளவு நாளாகச் சொல்ல வராதது.

"நீ சிரிக்காம இருந்த நாள்ல எனுக்கு வண்டி ரொம்பக் கனமா இருந்துச்சுமே."

அவள் பாட்டுக்கு நடந்தாள். ஒரு பூக்கடை தாண்டினதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாய் அசைந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்து வலது பக்கம் விட்டுக்கொண்டாள்.

"இன்னாய்யா சொன்ன?"

"பஸ்ஸு வருதுன்னேன்."

அவள் ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். ஒரு பஸ்ஸும் இல்லை. ஒரு மாடு படுத்திருந்தது.

சிரித்தாள். பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு சத்தம்.